கடிகாரத்தின் கிரீஸ் டப்பா

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் லிஃப்ட் கம்பெனியில் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. சட்டை கசங்காது, பேச்சு பிசகாது. எங்களைத் திட்டும்போதெல்லாம் மேனேஜர் அவரைத்தான் உதாரணம் காட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருவனை அப்பழுக்கில்லாதவன் என்று நாலு பேர் சொன்னால் ஐந்தாவதாக நான் போய்ச் சேர மாட்டேன். பிறவிக் குணம், என்ன செய்ய?

வேலையில் நானும் அவரும் ஒரு ஜோடி. மொட்டைமாடி மோட்டார் அறையில் அவர், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நான். போன வருஷம்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பத்து, ஒன்று, நாலு என்று மணி அடித்தாற்போல் மாமா காணாமல் போவார். கேட்டால் போன் வந்தது என்பார். வண்டியில் போகும்போது மருந்துக்கடையில் நிறுத்துவார். அடுத்த வாரம் வேறு கடை. வாயில் எப்போதும் புதினா மிட்டாய். சரி, எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஒரு நாள் பின்னாலேயே போய்க் கழிவறை வாசலில் காதை வைத்துக்கூட நின்றேன். பேச்சுக்குரல் இல்லை. குழாய் திறந்து மூடும் சத்தம்தான் கேட்டது.

அக்காவிடம் ஜாடைமாடையாக விசாரித்தேன். "அவருக்கென்ன, தங்கம்" என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அந்த அவசரமும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தொழிலில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. லிஃப்ட் குழிக்குள் போகுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, வேலை செய்கிற ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டைத் தனியாக மாட்ட வேண்டும். அவனவன் சாவி அவனவன் பையில். உள்ளே இருப்பவன் வெளியே வந்து தன் கையால் திறக்கும்வரை மோட்டார் ஓடாது. நானும் மாமாவும் மட்டும் அப்படிச் செய்ததில்லை. அவர் பூட்டு ஒன்றுதான் இரண்டு பேருக்கும். சொந்த மாமாவை நம்பாமல் தனிப் பூட்டு மாட்டினேன் என்று தெரிந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? ஊரையே சந்தேகப்படுகிறவன் அந்த ஒரு விஷயத்தில் மடையனாக இருந்தேன்.

அன்று எட்டு மாடிக் குடியிருப்பில் வேலை. ஐந்தாம் மாடியில், பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து கதவு போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெட்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. பாய்ந்து, கூரைமேலிருந்த நிறுத்தும் பொத்தானை அடித்தேன். ஒரு முழம்தான் ஏறியிருக்கும். என் கை இருந்த இடத்தில் இரும்புச் சட்டம் உரசிக்கொண்டு நின்றது. மணி ஒன்று பத்து.

கதவை நெம்பித் திறந்து மொட்டைமாடிக்கு ஓடினேன். திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். குரலில் பதற்றமே இல்லை. வெட்கத்தை விட்டு அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை, புதினாதான். ஆனால் கருவிழிப் பாவை இரண்டும் கடுகாகச் சுருங்கியிருந்தன.

அப்போதுதான் அவருடைய கருவிப் பை கண்ணில் பட்டது. உள்ளே கிரீஸ் டப்பா. மூடி பளபளவென்றிருந்தது. நாள் முழுக்கக் கிரீஸில் புரளுகிறவன் டப்பா அப்படியா இருக்கும்? திறந்தேன். அட்டை அட்டையாக மாத்திரை. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் படியில் விழுந்து முதுகு அடிபட்டபோது டாக்டர் பத்து நாளைக்கென்று எழுதிக் கொடுத்த, பழகினால் விடாத அதே வலி மாத்திரை. கடிகாரத்துக்கு இத்தனை நாளாக எது சாவி கொடுத்தது என்று புரிந்தது.

முதுகுவலிதான், வேறொன்றுமில்லை என்றார் மாமா. ஆபீஸில் ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை போகும், அக்கா குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். சொல்லாவிட்டால் என்றைக்காவது என்னைக் குழியிலிருந்து அள்ளியெடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை புதுப் பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவர் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சாவியை எடுத்து நீட்டினார்.

"இதையும் நீயே வச்சுக்க மாப்ள. நேத்து நீ உள்ள இருக்கேங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல."

இத்தனை வருஷம் அவரைக் கரித்துக்கொட்டியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பாழாய்ப்போன மனசு அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவாங்களே மாமா?"

தலையைக் குனிந்துகொண்டு பர்ஸுக்குள்ளிருந்து இரண்டாவது சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மாத்திரை டப்பா மொத்தம் எத்தனை என்று கேட்டேன். எதற்கும் தாமதிக்காத மனுஷன் இதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"மூணு. ரெண்டு நான் வாங்கறது. மூணாவது உங்கக்கா பீரோவுல இருக்கு. அத அவதான் வாங்கி வைக்கறா."