ஒட்டிய வால்

எங்கள் வீட்டில் யாருக்கும் டைனோசரைப் பார்க்கத் தெரியாது. ஒன்பது வயதில் எனக்கிருந்த பெரிய மனக்குறை அதுதான்.

அப்பாவுக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை. சாக்குக்குள் கையை விட்டு ஒரு கத்தரிக்காயை எடுத்து அமுக்கினார் என்றால் அது எந்த ஊர்க் காய் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் சாரல் சீசனில் குற்றாலத்துக் கடைகளிலிருந்து எனக்கென்று வாங்கி வருகிற டைனோசருக்குக் காது இருக்கும். மாட்டுக்காது மாதிரி இரண்டு காது. "டைனோசருக்கு இப்பிடி வெளிய காது கெடையாதுப்பா" என்றால், "காது இல்லாம அதுக்கு எப்பிடிட்டி கேக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். அடுத்த வருஷம் வாங்கி வந்ததற்குக் காது இல்லை. அதற்குப் பதிலாகக் கண்ணில் சிவப்பு விளக்கு எரிந்து ஆம்புலன்ஸ் சத்தம் போட்டது. நான் அழுதேன். சத்தத்துக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அம்மா பேட்டரியைக் கழற்றினாள்.

நான் கற்றுக்கொண்டது அப்பாவின் போனில். ஒரு வெள்ளைக்காரர், முகத்தைக் காட்டவே மாட்டார், கைகள் மட்டும்தான் தெரியும். சேகரிப்பவர்கள் வாங்குகிற உயர்ந்த ரக டைனோசர்களை ஒரு மேஜையில் வைத்து மெல்லத் திருப்பித் திருப்பிக் குறை நிறை சொல்வார். அவருடைய இங்கிலீஷில் முக்கால்வாசி எனக்குப் புரியாது. விரல் காட்டுகிற இடம் புரியும். இரண்டு கால் டைனோசர் வாலை முட்டுக்கொடுக்காமல் தானே நிற்க வேண்டும். உடம்பின் இரண்டு பாதிகள் சேருகிற கோடு கண்ணில் படக்கூடாது. பல்லுக்கு அடித்த பெயிண்ட் ஈறில் வழியக்கூடாது. உள்ளங்கைகள் கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பிஸ்கட்டுக்கு நிற்கிற நாயைப்போலக் கீழே தொங்கக்கூடாது. இந்தப் பாடங்களை வைத்து மேலகரத்தில் எங்கள் தெருவிலிருந்த எல்லாப் பிள்ளைகளின் பொம்மைகளையும் சோதித்தேன். எல்லாம் தோற்றன. கொஞ்ச நாளில் யாரும் என்னிடம் பொம்மையைக் காட்டுவதில்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடுதான் இருந்தாள். கல்யாணப் பொறுப்பு அவர்களுடைய அண்ணனிடம், அதாவது என் பெரிய மாமாவிடம். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அதற்கு முந்தின வருஷம் ஓர் இடம் முடிவாகி, பூ வைத்து, மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது. பிறகுதான் அந்த மாப்பிள்ளைக்கு வேலை போய் வெகு நாளாயிற்று என்பதும், தினமும் சட்டை மாற்றி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார் என்பதும் தெரிந்தது. கல்யாணம் நின்றது. அதிலிருந்து மாமா வருகிற மாப்பிள்ளைகளை எல்லாம் சந்தேகக் கேஸாகவே பார்த்தார். சித்தி எதுவும் சொல்வதில்லை. காலையில் போவாள், ராத்திரி வருவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். இதையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வீட்டுக்கு வந்த லட்டு டப்பாக்கள் திடீரென்று வராமல் நின்றுபோனது மட்டும்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் டைனோசர்ப் பைத்தியம் ஒன்று இருப்பதைத் தரகர் சொல்லியிருக்க வேண்டும். பழமும் பூவும் உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டு வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். கொடுத்தவர் எதிரில் பிரிக்கக்கூடாது என்று அம்மா கண்ணைக் காட்டினாள். அவர், "பிரிச்சுப் பாரு" என்றார்.

உள்ளே டி-ரெக்ஸ். என் முழங்கை நீளம். குற்றாலத்துச் சாமான் அல்ல, வீடியோவில் வருகிற ஜாதி. கையை நீட்டினேன். ஆனால் நான் தொடுவதற்குள் அப்பா எடுத்துவிட்டார். கட்டைவிரலால் அதன் வயிற்றை அமுக்கினார். "கெட்டியாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். அம்மா வாங்கி முகர்ந்து பார்த்தாள். "தண்ணி பட்டா சாயம் போவுமா?" என்றாள். பெரிய மாமா அதைத் தலைகீழாகப் பிடித்துக் காலுக்கடியில் தேடினார்.

"வெல போடலியே. டப்பா எங்க?"

பிறகு வாய்க்குள் விரலை விட்டுத் தாடையைப் பிளந்து, உள்ளே எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல எட்டிப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பிடிப் பாக்கக் கூடாது மாமா! குடுங்க!"

மிக்சர் தட்டுகளைத் தள்ளிவிட்டு அதை டீப்பாயின் நடுவில் வைத்தேன். நின்றது. வாலைக் கீழே ஊன்றாமல், இரண்டே காலில், எதையோ மோப்பம் பிடித்ததுபோலக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றது. நான் தரையில் மண்டியிட்டு, அந்த வெள்ளைக்காரரைப்போல அதை மெதுவாகத் திருப்பிக்கொண்டே உரக்கத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தேன். தானே நிற்கிறது, நல்லது. பல்லில் வழிசல் இல்லை, நல்லது. விலாவில் கோடு தெரிகிறது, ஆனால் மடிப்புக்குள் மறைத்திருக்கிறார்கள், பரவாயில்லை. கை தப்பு. நாய்க்கை. வாலுக்கு வந்தபோது விரல் நின்றது.

"வால் ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்சத ஒட்டி, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போவோம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். இவன் கேட்டாத்தானே?"

"ஒடஞ்ச சாமானா?" என்றார் பெரிய மாமா. அது ஸ்டேஷன் குரல்.

"ஆமா சார்" என்றார் மாப்பிள்ளை. "என்கிட்ட இருந்ததுதான். வீடு மாத்தும்போது கீழ விழுந்து வால் ஒடிஞ்சிட்டு. நாந்தான் ஒட்டினேன். கடையில தேடினேன், எல்லாத்துக்கும் காது வச்சிருக்கான். அதான் இதையே கொண்டாந்தேன்." பிறகு மாமாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்பிடிக் கண்டுபிடிச்ச? யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

சுலபம் என்றேன். வால் முழுக்கத் தோலில் சின்னச் சின்னச் செதில்கள் இருக்கின்றன. ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வழவழவென்று இருக்கிறது. அந்த இடத்தில் கோடும் தடித்துவிட்டது. "கொள்ளாமே!" என்று மலையாளத்தில் மெச்சியபடி அவர் சோபாவிலிருந்து இறங்கி என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பசை காய்வதற்குள் உப்புத்தாளால் அதிகமாகத் தேய்த்துவிட்டாராம், செதில் போய்விட்டதாம். ஊசியால் மறுபடி குத்தி வரவழைக்கப் பார்த்து விட்டுவிட்டாராம். ஊசி கூடாது, பல் குத்தும் குச்சி என்றேன். கை விஷயத்தில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது பழைய மாடல், செய்த காலத்தில் கை அப்படித்தான் இருந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள், அந்தக் காலத்துக்கு அது சரி என்றார். எந்தக் காலத்திலும் தப்பு தப்புதான் என்றேன் நான்.

இதற்கு நடுவில் சித்தி காப்பித் தட்டோடு வந்து நின்றிருக்கிறாள். அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மாமா இரண்டு தரம் கனைத்த பிறகுதான் அவர் அண்ணாந்து பார்த்து, கையில் டைனோசரோடு பதறி எழுந்தார். சித்தி தட்டை நீட்டினாள். காப்பியை எடுக்க அவருக்குக் கை காலியாக இல்லை.

அவர்கள் வண்டி தெரு முனை தாண்டும் வரை பொறுத்திருந்த மாமா வெடித்தார்.

"மொத மொத வீட்டுக்கு வாரவன் ஒடஞ்ச சாமானக் கொண்டாருதான். கழுத வயசாவுது, பொம்ம வச்சு வெளையாடுதான். பொண்ணு காப்பியோட நிக்கா, ஏறிட்டுப் பாக்கல!"

"பையன் நல்லாப் பேசுதாம்லா" என்றார் அப்பா.

"யாருகிட்ட? இந்தா, இவகிட்ட!"

அம்மா என் தலையில் குட்டினாள். "ஏட்டி, நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன? முழிச்சிருக்க நேரமெல்லாம் போனு போனுன்னு பாத்து, வந்தவங்க முன்னால வக்கீலு மாதிரிப் பேசுதா."

மாமா என்னை எதிரில் நிறுத்தினார். "ஒத்தச் சொல்லுல சொல்லு. இது நல்ல பொம்மையா, கெட்ட பொம்மையா?"

ஒற்றைச் சொல்லில் எப்படிச் சொல்வது? நல்ல பொம்மை, ஒடிந்திருக்கிறது, நன்றாக ஒட்டியிருக்கிறார், ஆனாலும் தெரிகிறது, கை தப்பு, நிற்பது அருமை என்று விளக்கினேன். "அப்போ கெட்டது" என்றார் மாமா. இல்லை என்றேன். "அப்போ நல்லதுங்கியா?" இல்லை என்றேன். திருடர்கள் எதற்காக உண்மையைச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

கடைசியில் ஜாதகம் சரியில்லை என்று தரகரிடம் சொல்லிவிடுவது, பொம்மையையும் அவர் கையிலேயே திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. டைனோசரை பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். நான் தரையில் புரண்டு அழுதேன். "வேற வாங்கித் தாரேன் மக்கா, லைட் எரியுதது" என்று அப்பா சமாதானம் சொன்னதும் இன்னும் சத்தமாக அழுதேன். சித்தி வாசல் நடையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று அம்மாவும் சித்தியும் என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார்கள். சித்தி கடைக்கு லீவு போட்டிருந்தாள். பெண்கள் பக்கத்தில் கூட்டத்தில் நசுங்கிக் குளித்து முடித்து, அம்மா மங்குஸ்தான் பேரம் பேசப் போனாள். நானும் சித்தியும் ஈரத் தலையோடு ஒரு கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எதிரே வரிசையாகக் காது வைத்த டைனோசர்கள் தொங்கின. நான் அவற்றைப் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டேன்.

"ஏட்டி" என்றாள் சித்தி. "அந்த வாலு ஒடிஞ்சிருக்குன்னு நீ சொன்னேல்லா. அவிய ஒடனே ஆமான்னு சொன்னாவளா, இல்ல யோசிச்சுச் சொன்னாவளா?"

டைனோசரைப் பற்றி வீட்டில் ஒருவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட முதல் கேள்வி. அதுவும் தப்பான கேள்வி. "ஒடனேதான்" என்றேன்.

"ஆமான்னு சொல்லும்போது மொகம் எப்பிடி இருந்து?"

"மொகத்த யாரு பாத்தா? நான் வாலப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கோவப்பட்ட மாதிரி இருந்தாவளா? நீ தப்புன்னு சொன்னதுக்கு?"

"இல்ல. எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டாங்க. சிரிச்சாங்க. சித்தி, வால விடு, கை இருக்குல்லா கை—"

"அவிய அம்மைய ஒரு தரமாவது பாத்தாவளா, என்ன சொல்லலாம்னு கேக்குத மாதிரி?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு டைனோசரில் பார்க்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. இவள் வாலை விட்டு நகரமாட்டேன் என்கிறாள், வாலைப் பற்றியும் ஒழுங்காகக் கேட்கமாட்டேன் என்கிறாள். இல்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துத்தான் சொன்னார், பிறகு என்னைப் பார்த்தார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சித்தி முடியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள்.

"நல்லா ஒட்டிருக்காவளா?"

அப்பாடா, கடைசியில் ஓர் உருப்படியான கேள்வி. "நல்லா ஒட்டிருக்காங்க. நேத்து நான் இழுத்துப் பாத்தேன். அசையல. அவசரப்பட்டுத் தேச்சதுதான் தப்பு, ஒட்டினது தப்பில்ல" என்றேன்.

சித்தி பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். ஈர விரல் பட்டு அது வேலை செய்யவில்லை. என் பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

"அண்ணே, நாந்தான். தரகர்கிட்டச் சொல்லிட்டியளா? ... சொல்ல வேண்டாம். ... பொம்மையையும் திருப்பி அனுப்ப வேண்டாம். ... இல்லண்ணே, யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் மாமா கத்துவது எனக்கே கேட்டது. சித்தி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அருவியைப் பார்த்தபடி இருந்தாள். மாமா ஓய்ந்ததும், "சரிண்ணே, அப்போ அவியள மறுபடி வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். எனக்காக யாரும் மாமாவை எதிர்த்து அப்படிப் பேசியதே இல்லை.

ஆவணியில் பண்பொழி மலைக்கோவிலில் கல்யாணம். புதுப் பாவாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சித்தியை நினைத்துப் பாவமாக இருந்தது. என் டைனோசரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக ஒருத்தி இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். தன்மையாகக் கேட்டிருந்தால் அந்த மாப்பிள்ளை சும்மாவே கொடுத்திருப்பார்.