திரை நிறைய என் கை

நேற்று பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்டேன். கடைக்காரத் தம்பி லைட்டரை நீட்டினான். "தீப்பெட்டியே குடு தம்பி" என்று வாங்கி, பழக்கதோஷத்தில் ஒற்றைக் கையாலேயே திறந்து மூடினேன். தீக்குச்சி மருந்து வாசனை மூக்கில் ஏறியதும் சிவப்பு நகப்பூச்சு ஞாபகம் வந்துவிட்டது. என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது, கேளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இதே கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் பெண்கள் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் குச்சி அடைக்கும் கொட்டகைதான். அங்கே ஒருநாள் சினிமாக்காரர்கள் வந்திறங்கினார்கள். ஃபேஷன் மாடல்கள் அரைகுறை உடுப்பில் உலாவி, நாட்டு ரகசியத்தைக் கடத்துகிற படம். ரகசியச் சுருளை நாயகி தீப்பெட்டிக்குள் ஒளிக்க வேண்டும். அவளுக்கோ நீள நீளமாய் ஒட்டு நகம். குச்சியெல்லாம் மடியில் கொட்டியது. ஏழாவது தடவை கொட்டியபோது சிரித்துவிட்டேன். என் வாய் அப்படி.

"யாரது சிரிச்சது? நீ செஞ்சு காட்டு" என்றார் டைரக்டர்.

காட்டினேன். மெதுவாகச் செய்யச் சொல்லி அவரே கெஞ்ச வேண்டியதாயிற்று. என் நகங்களுக்குச் சிவப்புப் பூசி, கையை மட்டும் படம்பிடித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டுதான் ஜெபித்தேன்.

எங்கள் ஆபீஸ் கணக்கப்பிள்ளைதான் வெறுப்பேற்றினார். "ஏட்டி, அந்தக் காட்சிய அவிய வெட்டி எறிஞ்சிருப்பாவ. வந்தாலும் அது ஒன் கைன்னு எவன் நம்புவான்?" ஊரில் பொய்க்காரி என்று பேர் நிலைத்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

படம் வந்தது. வயது வந்தவர்களுக்கு மட்டும். அந்தத் தியேட்டர் பக்கம் பெண்கள் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அடைக்கும் மேரியக்காதான் எழுந்தாள். "நம்ம கையப் பாக்க நாம போவக் கூடாதா? வாங்கட்டி எல்லாரும்."

பகல் காட்சிக்கு இருபது பேர் போனோம். எங்களைக் கண்டதும் ஆண்கள் துண்டால் முகத்தை மூடினார்கள். அதில் ஒரு துண்டு எனக்குத் தெரிந்த துண்டு.

மூணு பாட்டு, நாலு குளியல் தாண்டி வந்தது பாருங்கள், திரை நிறைய என் கை! எப்போதோ பெட்டி குப்பென்று பற்றியதில் கட்டைவிரலில் விழுந்த தழும்பு, பூசணிக்காய்ப் பெரிசுக்கு. "ஏலே, இது எங்க ஆபீஸ் கைலே!" என்று மேரியக்கா கத்த, இருபது பேரும் விசிலடித்தோம். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. முன்வரிசையில் அந்தத் துண்டு விலகியது. கணக்கப்பிள்ளை.

"ஒத்துக்கிடுதேன் தாயி, ஒன் கைதான். நான் இங்கன வந்தத மட்டும் வீட்ல சொல்லிராத."

தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். பெட்டியை மிஷின் அடைக்கிறது. படமும் எங்கேயும் கிடைக்கவில்லை. நாயகியின் பேரை இந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், தெரியாது. அந்தக் கை யாருடையது என்று கேளுங்கள், என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.