தங்கை வீட்டில் கை நனைத்த நாள்

சிங்கப்பூரில் என் மேலதிகாரி ஒரு யூதர். ஒரு புரட்டாசி மாதத்தில், சீக்கிரமே வேலையை முடித்தவர், தோல் காலணியைக் கழற்றிவிட்டுத் துணிக் காலணியில் என் மேசைக்கு வந்தார். இந்த ஆண்டு என் மனம் நோக ஏதும் செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றார். அன்று மாலையிலிருந்து மறுநாள் இருட்டும்வரை யோம் கிப்பூர் நோன்பாம். சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாதாம், தோல் காலணியும் ஆகாதாம். மனிதருக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிக்க மாட்டாராம். அந்த மனிதரிடமே போய்க் கேட்க வேண்டுமாம்.

விரதமெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை, நானும் இருக்கிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தில் சோறுதான் இல்லை. இட்லி, வடை, பாயசம் எல்லாம் உண்டு. விரத நாளில்தான் எனக்கு எடை கூடும்.

மறுநாள் மதியமே நாக்கு வறண்டுவிட்டது. பக்கத்தில் யாரோ கோப்பி கலக்கிய வாசனைக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பட்டினி கிடந்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் விட்டால் நஷ்டம் என்று தோன்றியது. வேலை முடிந்து, மலேசியாவுக்குப் போகும் காஸ்வே பாலத்தைத் தாண்டியதும் ஸ்கூடாயில் இருக்கும் என் வீட்டுக்குப் போகாமல், தம்போயில் தங்கை வீட்டுக்குப் போனேன்.

அவள் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, குத்துவிளக்கு ஏற்ற என்னை விட்டுவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள். வயிற்று வலி என்று சொல்லிக் கை நனைக்காமல் வந்துவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. அவள் இல்லாத தீபாவளி எதுவும் எனக்கு இனிக்கவில்லை. ஆனாலும் வீராப்பை விடவில்லை.

கதவைத் திறந்தவள், "வாக்கா" என்றாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை நான் தொடங்குவதற்குள் மேசைக்குத் தோசையும் சாம்பாரும் வந்துவிட்டன.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. "இன்னிக்கு விரதம்மா. இருட்டினதும் சாப்பிடுறேன்."

அவள் முகம் சுருங்கிப்போனது. "அன்னிக்கு வயித்து வலி. இன்னிக்கு விரதமா? சனிக்கிழமைகூட இல்லையேக்கா."

இது யூதர்களின் நோன்பு என்று யாராவது என்னிடம் சொன்னால் நானே நம்ப மாட்டேன். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் வாயிலேயே அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ அலமாக், வாயில வச்சுக்கிட்டுப் பேசாதக்கா. மொதல்ல சாப்பிடு." கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் அடுத்த தோசை வார்க்கப் போனாள்.

ஐந்து தோசை சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் வெளியே இருட்டத் தொடங்கியது.