யானைக்கும் கழுதைக்கும் ஒரே மலை

நான் வேலை செய்யும் வீட்டில் ஒரு கணவர், ஒரு மனைவி, இரண்டு கட்சி. இருவரும் அமெரிக்கர்கள். கணவரின் பாட்டன் சின்ன வயதில் இத்தாலியின் இந்தப் பலேர்மோத் துறைமுகத்தில்தான் அமெரிக்காவுக்குக் கப்பலேறினாராம். அந்த ஒரு சொந்தத்தைப் பிடித்துக்கொண்டு, ஓய்வு பெற்றதும் இங்கே வந்து, பொலிதேயாமாப் பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு எடுத்துவிட்டார்கள். நான் கபோச் சந்தைப் பக்கம் இருக்கிறேன். காலையில் சந்தைக்காரர்கள் கூவத் தொடங்கும்போது அவர்களுக்கு நடுவால் புகுந்து நடந்தால், வியர்க்க முன்பே வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சமையல், துப்புரவு, உடுப்பு மினுக்குதல், அவ்வளவுதான். அந்த வீட்டில் வேலை கடினமில்லை. வீட்டுக்காரர்களோடு மாரடிப்பதுதான் கடினம்.

வீட்டு ஐயாவைச் சிஞ்ஞோர், அம்மாவைச் சிஞ்ஞோரா என்பேன். சிஞ்ஞோர் யானைக் கட்சி, சிஞ்ஞோரா கழுதைக் கட்சி. நக்கலுக்குச் சொல்லவில்லை, அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அடையாளமே அந்த மிருகங்கள்தாம். சிஞ்ஞோராவின் சட்டையில் குத்தியிருந்த கழுதைப் படத்தைப் பார்த்து, யாரோ கேலிக்குக் குத்திவிட்டார்கள் என்று நினைத்து, கழற்றி விடவா என்று நான் கேட்டதும் உண்டு. என் கணவர் வுச்சீரியாச் சந்தையில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஊரிலை ஒருத்தனைக் கழுதை எண்டு பேசினால் அடிபாடு வரும். அங்கை அதுக்கு வரிசையிலை நிண்டு வோட்டுப் போடுகினமோ?" என்று கேட்டார்.

நிறமும் அப்படித்தான். இத்தாலியில் சிவப்பென்றால் இடதுசாரி, எங்கள் ஊரிலும் அதுதான். அமெரிக்காவில் மட்டும் சிவப்பு யானைக்கு, நீலம் கழுதைக்கு. எனக்கு இது பிடிபட ஒரு முழுத் தேர்தல் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் பேசும் இத்தாலியன் மோசம். என் ஆங்கிலம் அதைவிட மோசம். இரண்டையும் கலந்து நாங்கள் கதைத்ததை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். ஒரு அமெரிக்கர் "ஓம்" என்று சொன்னால் யாரும் திடுக்கிட வேண்டாம்.

முந்தின தேர்தல் கலகலப்பாகவே போனது. இருவரும் ஒரே மாநிலத்தவர்கள். தபாலில் வோட்டுப் போடுபவர்கள். "நான் போட்டதை அவ வெட்டினா, அவ போட்டதை நான் வெட்டினன். முத்திரைக் காசுதான் நட்டம்" என்று சிஞ்ஞோர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தமுறை சிரிப்பு இல்லை. வேட்பாளர்கள் இருவரும் மேடையில் நேருக்கு நேர் நின்று வாதம் செய்த நிகழ்ச்சியை ஒன்றாக இருந்து பார்த்தார்கள். அது முடிந்த மறுநாள் சிஞ்ஞோரா தன் சின்னத் திரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்துவிட்டார். பிறகு சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே சிஞ்ஞோராவுக்கு ஒரு தனிச் சின்ன மேசை வந்தது. பிறகு பேச்சே நின்றது.

பேச்சு நின்றதென்றால் அவர்களுக்குள் மட்டும்தான். எனக்கு இரட்டிப்பாகிவிட்டது.

"அவரிட்டைச் சொல்லும், அந்த உப்பைத் தரச் சொல்லி" என்பார் சிஞ்ஞோரா. உப்பு சிஞ்ஞோரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சிஞ்ஞோராவும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார். நான் வந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் வீடுகளிலும் கோபம் வந்தால் பூனையைப் பார்த்துப் பேசுவதுண்டு. ஆனால் பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் பூனைக்கு விடுதலை கிடைத்துவிடும். நான் வாரக்கணக்கில் அந்தப் பூனையாக இருந்தேன்.

உப்போடு நின்றால் பரவாயில்லை. அமெரிக்காவில் நாடு முழுக்கக் கூடிய வோட்டு எடுத்தவர் தோற்றும் போகலாமாம். மாநிலம் மாநிலமாகத்தான் கணக்காம். முக்கால்வாசி மாநிலங்கள் எந்தப் பக்கம் என்று முன்பே தெரியுமாம். ஊசலாடும் சில மாநிலங்களுக்காகத்தான் இவ்வளவு கூத்துமாம். அந்த மாநிலங்களை எல்லாம் குசினிக்கும் வரவேற்பறைக்கும் இடையில் காவியது நான்.

"பென்சில்வேனியா எங்கடை ஆளுக்குத்தான் எண்டு சொல்லும்."

"அது நடக்காத கதை எண்டு அவவிட்டைச் சொல்லும்."

ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "பென்சில்வேனியா கிடக்கட்டும், கத்தரிக்காய் ஆறுது, வந்து சாப்பிடுங்கோ" என்று இரண்டு பக்கமும் ஒரே செய்தியைச் சொல்லிவிட்டேன். இருவரும் வந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இவ்வளவையும் நான் பகிடியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், சிஞ்ஞோரா அந்தச் சொல்லைச் சொல்லும் வரைக்கும். மினுக்கின உடுப்பை நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கட்டிலில் இருந்தார்.

"தேர்தல் முடியட்டும். வெண்டாலும் தோத்தாலும் நான் தங்கச்சியிட்டைப் போறன். ஒரேயடியாய்ப் போறன். இந்த மனிசனோடை இனி ஏலாது."

சிஞ்ஞோரா போனால் சிஞ்ஞோர் தனியே இருக்க மாட்டார். வீடு பூட்டப்படும். என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, அடுத்த கோடையில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவில் போய் நின்றால், போலீஸ்காரர் முதலில் கேட்பது வேலை ஒப்பந்தம் எங்கே என்றுதான். என் ஒப்பந்தம் இந்த வீடுதான். அதைவிட இன்னொன்றும் இருந்தது. எனக்கு அந்த இரண்டு பேரையும் பிடிக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கபோவின் சந்துகளில் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி, ஒரு சட்டி சூப்போடு எங்கள் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். அந்த இரண்டு பேரும் இரண்டு கண்டத்தில் தனித்தனியே சாப்பிடுவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

தபாலில் வோட்டைப் போட்டு முடித்த பிறகு சிஞ்ஞோராவுக்குக் கை ஓடவில்லை. ஒரு திங்கட்கிழமை குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"நீர் ஞாயிறு ஞாயிறாய் மலைக்குப் போறனீர்தானே. அந்தப் புனிதையிட்டை எங்கடை ஆளுக்காகக் கேளுமன்."

மலை என்றால் பெல்லெகிரீனோ மலை. அதன் குகைக்குள் இருக்கும் புனிதையை ஊர்க்காரர் செல்லமாகச் சந்துத்சா என்பார்கள். நாங்கள் மலை அம்மா என்போம். நான் சைவம்தான். ஆனால் பலேர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்களில் அந்த மலை ஏறாதவர்கள் குறைவு. பிள்ளை பிறக்க, வேலை கிடைக்க, பெர்மெஸ்ஸோ வர என்று எல்லாவற்றுக்கும் அவவிடம்தான் நேர்த்திக்கடன். அமெரிக்க ஜனாதிபதிக்காக யாரும் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

"சிஞ்ஞோரா, உங்களுக்காக நான் உடுப்புத் தோய்க்கலாம். நேர்த்தி வைக்க ஏலாது. ஆருக்கு வேணுமோ அவைதான் வைக்க வேணும். நடந்தால் அவையே நடந்துபோய்த் தீர்க்க வேணும்" என்றேன்.

"நடந்தோ? காரிலை போக ஏலாதோ?"

"ஏலாது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், நடக்கிறன்" என்றார். மஞ்சள் நனைத்த துணித்துண்டில் ஒரு காசை வைத்து, நினைத்ததை நினைத்து முடிச்சுப் போடச் சொன்னேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முடிந்தார். என் வீட்டுச் சாமித்தட்டில் வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே சிஞ்ஞோர் குசினிக்குள் வந்தார். கோப்பி வேண்டுமென்றார். கோப்பி கையில் இருந்தது.

"அந்த மலையிலை இருக்கிற புனிதை... அரசியல் விசயமும் பாக்கிறவவோ?"

எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும் பாடாகிவிட்டது. அதே விளக்கம், அதே மஞ்சள் துணி. மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்றார். மனைவியும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அன்று பின்னேரம் சாமித்தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு முடிச்சும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்து என் கணவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சரும், அங்கை சேராத கட்சியளை எல்லாம் நீர் இஞ்சை கூட்டணி சேர்த்து வைச்சிருக்கிறீர். மலை அம்மாவுக்கு அமெரிக்காவிலை வோட்டு இருக்குதோ?"

"எனக்கும் ஒரு இடத்திலையும் வோட்டு இல்லை. வோட்டில்லாத ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளுறம்."

அவர் குளிக்கப் போனதும் மூன்றாவது துணியை நனைத்தேன். எந்த மிருகம் வென்றாலும் சரி, இந்த இரண்டு பேரும் கதைக்க வேண்டும், சிஞ்ஞோரா போகக்கூடாது, என் ஒப்பந்தம் நிலைக்க வேண்டும் என்று முடிந்துவைத்தேன். ஒரு முடிச்சுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

முடிவு எங்களுக்குக் காலையில் வந்தது. நான் லிப்டை விட்டு இறங்கும்போதே வீட்டுக்குள் ஒரு தொலைக்காட்சிச் சத்தம்தான் கேட்டது. யானை வென்றுவிட்டது. சிஞ்ஞோர் துள்ளிக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் போனால், செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி சோபாவின் நுனியில் இருந்தார். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

"பெட்டி இறக்கின சத்தம் கேட்டது" என்றார் மெதுவாக. "வெண்டிட்டம். ஆரோடை சந்தோசப்படுறது?"

என்ன சொல்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை மலை ஏற வேணும், சிஞ்ஞோர். நேர்த்தி."

கதவு படாரென்று திறந்தது.

"என்ன நேர்த்தி?" என்றார் சிஞ்ஞோரா, என்னைப் பார்த்து. "அவருக்கும் முடிஞ்சு வைச்சனீரோ? ரெண்டு பக்கமும் நிண்டனீரோ?"

எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "சந்தையிலை தக்காளி வாங்கினாலும் ரெண்டு பேருக்கும்தானே வாங்கிறன், சிஞ்ஞோரா! சமைக்கிறதும் ரெண்டு பேருக்கும்தான். உங்களிலை ஒராளை மட்டும் பாக்க எனக்குத் தெரியாது!"

அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தடவை. பிறகு சிஞ்ஞோரா, "அவரிட்டைச் சொல்லும், அந்த நோகிற முழங்காலோடை மலை ஏற ஏலாதெண்டு" என்றார். "அவவிட்டைச் சொல்லும், நான் சொல்லுக் குடுத்திட்டன் எண்டு" என்றார் சிஞ்ஞோர். பூனை மறுபடி வேலைக்கு வந்துவிட்டது.

ஞாயிறு காலை நான் காத்து நின்ற மலையடிவாரத்தில் டாக்சி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சிஞ்ஞோர் இறங்கினார். பின்சீட்டிலிருந்து சிஞ்ஞோரா இறங்கினார்.

"விழுந்தால் அம்புலன்சுக்கு ஆர் போன் அடிக்கிறது? அதுக்குத்தான் வந்தன்" என்றார் என்னிடம்.

எங்கள் ஆட்கள் சிலர் வெறுங்காலோடு ஏறுவதைப் பார்த்ததும் சிஞ்ஞோர் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். அது கட்டாயமில்லை என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. வென்ற கட்சிக்காரரின் வீறாப்பு. சப்பாத்தை சிஞ்ஞோரா ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டார். மழை தூறி, பழைய கல்பாதை வழுக்கியது. அவர் முன்னால், நான் நடுவில், சிஞ்ஞோரா பின்னால். சில வளைவுகள் ஏறியதும் சிஞ்ஞோர் சுவரோரக் கல்லில் தொப்பென்று இருந்துவிட்டார். பாதங்கள் சிவந்திருந்தன. ஒரு கையால் முழங்காலைப் பிடித்திருந்தார்.

"அவரிட்டைச் சொல்லும்" என்றார் சிஞ்ஞோரா, "சப்பாத்தைப் போடச் சொல்லி."

நான் அவரைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். வழக்கமாக வாய் தானாகத் திறக்கும். அன்று திறக்கவில்லை.

"மழை பெலக்கப் போகுது. நான் முன்னாலை போறன்" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று ஏறினேன். அடுத்த வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். இருவரும் அப்படியே இருந்தார்கள். ஒருவேளை சிஞ்ஞோரா சப்பாத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டால்?

பிறகு சிஞ்ஞோராவின் சத்தம் கேட்டது. ஆங்கிலத்தில், நேராக, அவர் முகத்துக்கு. வாரக்கணக்காக என்னிடம் கொடுத்தனுப்பாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது. சிஞ்ஞோரும் விடவில்லை. பென்சில்வேனியா என்ற சொல் எனக்கே விளங்கியது. மேலே இருந்து இறங்கி வந்த எங்கள் ஆட்களின் குடும்பம் ஒன்று ஒதுங்கி நின்று வழிவிட்டுப் போனது. கத்திக்கொண்டே சிஞ்ஞோரா குனிந்தார். கத்திக்கொண்டே கைலேஞ்சியால் அவர் பாதத்தைத் துடைத்து, சப்பாத்தைப் போட்டு, நாடாவைக் கட்டிவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு அழகான சண்டையை நான் பார்த்ததில்லை.

குகைக்குள் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோர் தன் முடிச்சை அவிழ்த்துக் காசைப் போட்டார். நான் பைக்குள்ளிருந்து சிஞ்ஞோராவின் முடிச்சை எடுத்து நீட்டினேன். கேட்டது நடக்கவில்லை, ஆகவே காசு அவருக்கே திரும்ப வேண்டும்.

சிஞ்ஞோரா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவிழ்க்காமலே என் கையில் திருப்பி வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"இதைத் தட்டிலை வையும். அடுத்த தேர்தலுக்கு."

"அதுக்கு நாலு வருசம் கிடக்கு, சிஞ்ஞோரா."

"வெண்டால் நானேதானே வந்து ஏற வேணும்?"

"ஓம்."

"அப்ப நான் இஞ்சைதானே இருக்க வேணும்" என்றார். பிறகு என்னைத் தாண்டி, கணவரின் பக்கம் திரும்பி, "அதுவரைக்கும் அந்த முழங்காலைக் கவனமாய் வைச்சிரும்" என்றார்.

அதன் பிறகுதான் நான் என் முடிச்சை அவிழ்த்தேன். அது எதற்கென்று இருவரும் கேட்டார்கள். பெர்மெஸ்ஸோவுக்கு என்றேன்.

திங்கட்கிழமை நான் போனபோது பெட்டி மறுபடி அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. இருவரும் ஒரே மேசையில் இருந்து, புது அரசாங்கத்தில் யார் யாருக்கு என்ன பதவி என்று வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு காதைக் கொடுத்திருந்தேன். நடுவில் சிஞ்ஞோரா கையை நீட்டி, "உப்பைத் தாரும்" என்றார். நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். உப்பு எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.