மூக்கக்கா வைத்த நீலப் புள்ளி

மூக்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கொட்டகையில் பதினோரு வருடம் உட்கார்ந்ததில் அது எங்கோ போய்விட்டது. தண்ணீர் பாட்டிலில் ஜனங்கள் தண்ணீரை மட்டுமா வைக்கிறார்கள்? மண்ணெண்ணெய், ஆசிட், பூச்சி மருந்து என்று கண்டதையும் ஊற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போலக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதையெல்லாம் ஒரே இழுப்பில் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் அக்காவின் வேலை. மோந்து பார்த்தாயிற்று, பழுதில்லை என்பதற்கு அடையாளமாகப் பாட்டிலின் அடிக்குழியில் நீல மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பாள். அவசரக்காரி, பேனாவைச் சுண்டி எடுப்பதால் புள்ளிக்கு ஒரு வால் முளைத்துவிடும். அந்த வாலைப் பார்த்தால் வேறு யாரும் மறுபடி மோந்து பார்க்க மாட்டார்கள்.

நசுங்காத பாட்டில்களுக்குத் தனி மூட்டை. "அத மிதிச்சுக் கிதிச்சு வைக்காதீங்க, பெரிய ஆலைக்குப் போகுது" என்பார் முதலாளி. வாரம் ஒரு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். உருக்கப் போகிற பாட்டில் நசுங்கினால் என்ன, நிமிர்ந்தால் என்ன என்று அக்கா ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டில் தங்கை எட்டு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். நான்காம் மாதம். குழாயைத் திறந்தால் துருத் தண்ணீர். அவளுக்கு மட்டும் பெட்டி பெட்டியாகப் பாட்டில் தண்ணீர் வந்தது. தங்கை புருஷன் பஸ் டிரைவர், அவனுக்கு அது பிடிக்கவே இல்லை.

"தெனம் நாலு பாட்டில் அண்ணி. பாக்கற சாக்கடையெல்லாம் இதுதான் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. காய்ச்சிக் குடிச்சா ஆகாதா?"

"துருவக் காய்ச்சினா துரு போயிடுமா தம்பி? அவ குடிக்கட்டும். காலி பாட்டில நான் கொட்டகைக்குக் கொண்டு போறேன். ஒண்ணும் வீணாப் போகாது, எல்லாம் திரும்பி வந்துடும்." இதைச் சொல்லும்போது அக்காவுக்கு ஒரு பெருமை, உலகத்தையே தான்தான் கழுவிக் கவிழ்ப்பது போல.

இரண்டு வாரமாக அவளுக்குச் சளி. மூக்கு கல்லாக அடைத்துக்கொண்டது. வெளியே சொன்னால் கேலி செய்வார்கள், இடமும் போய்விடும். அதனால் பாட்டிலை வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோவாள், இழுப்பது போலப் பாவனை செய்வாள், புள்ளி வைத்துவிடுவாள். நெருப்பில் வேகப் போகிற பாட்டிலுக்கு வாசனை என்ன வேண்டிக்கிடக்கிறது?

வழக்கமான கடை பூட்டியிருந்ததால் டிரைவர் இந்த முறை பஸ் நிலையத்தில் பன்னிரண்டு பாட்டில் உள்ள ஒரு பெட்டி வாங்கி வந்தான். மறுநாள் தங்கை முகத்தைச் சுளித்தாள். "அக்கா, தண்ணி ஒரு மாதிரியா இருக்கு."

"மசக்கைக்காரி வாய்க்குத் தேன்கூடக் கசக்கும். குடிடி" என்று சிரித்தாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மதியம், டிரைவர் வேலைக்குப் போயிருந்தான். அக்கா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டிலில் இருந்த தங்கை பாட்டிலை அண்ணாந்து தூக்கினாள். அடிப்பாகம் அக்காவின் கண்ணுக்கு நேரே வந்தது.

நீலப் புள்ளி. அதற்கொரு வால்.

அக்கா பாய்ந்து பிடுங்கினாள், தண்ணீர் தங்கையின் மடியெல்லாம் கொட்டியது.

"என்னக்கா, பைத்தியமா உனக்கு?"

அக்கா பாட்டிலை மூக்கில் வைத்து இழுத்தாள். ஒன்றும் ஏறவில்லை. மறுபடி இழுத்தாள். "நீ மோந்து பாருடி! என்ன வாசனை?"

"எனக்கு இப்ப எத மோந்தாலும் கொமட்டுதுக்கா."

பெட்டியைக் கவிழ்த்தாள். புது மூடி, புது முத்திரை, பளபளவென்று புது லேபிள். மிச்சமிருந்த ஐந்திலும் புள்ளி, ஐந்திலும் வால். வேனில் போன மூட்டை உருகவே இல்லை, தண்ணீர் ரொப்பிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. ஐந்தையும் மடியில் அள்ளிக்கொண்டு எதிர்க்கடைத் தையல்காரரிடம் ஓடினாள். "அண்ணே, மோந்து சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

அவர் ஒவ்வொன்றாகத் திருகி முகர்ந்தார். "தண்ணிதாம்மா. இதுவும் தண்ணிதான்." நான்காவதில் முகம் சட்டென்று பின்னால் போனது. "இதுல ஏதோ மருந்து நாத்தம் அடிக்குது. யாரு குடிக்கற தண்ணி இது?"

பன்னிரண்டில் ஆறு, தங்கையின் வயிற்றுக்குள் போயிருந்தது. அந்தக் காலி பாட்டில்களை அவளே காலால் மிதித்து நசுக்கி, கொட்டகையின் குவியலில் நேற்றே போட்டுவிட்டாள். இனி எதை எங்கே போய்த் தேடுவது?

ஆஸ்பத்திரியில், குப்பைப் பாட்டிலில் ரொப்பிய தண்ணீர் என்று தெரிந்ததும், டாக்டரம்மா தங்கையின் வயிற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டார். "மத்த பாட்டில்கள்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் நான் ஏதாவது செய்ய முடியும். அதயெல்லாம் சோதிச்சு அனுப்ப ஆளு இருப்பாங்கல்ல? அவங்களக் கேட்டுச் சொல்லுங்க."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அக்காவின் மூக்கு தப்பே செய்யாது. சொல்லுக்கா என்பது போல அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க அந்த ஆளு" என்றாள் அக்கா. "மோந்து பாக்கலீங்க. புள்ளி மட்டும் வெச்சேன்."

தங்கையின் கை மெல்ல விலகியது.