மூக்கையா போடாத கையெழுத்து

மூக்கையாவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களாம்! யார் பார்த்தது? காளிமுத்து பார்த்தானா? காளிமுத்து அன்றைக்குக் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றவன். பதினைந்து மைலுக்கு அப்பால், பன்விலைக்கு மேலே, துரைமாருடைய மோட்டார் கிளப்பில் நடந்ததை அவன் வெங்காயச் சாக்கின்மேல் ஏறி நின்றா பார்த்தான்? தண்ணீர்ப் பீலிக்கரையில் வாளி நிறையும் மட்டும் இதே பேச்சு. மூக்கையா குடித்துவிட்டுப் போனானாம். கையெழுத்துப் போடத் தெரியாமல் முழித்தானாம். தேத்தண்ணியைத் துரை மடியில் கொட்டினானாம். சுப்பம்மா பயந்துபோய்ப் புருஷன் காலைப் பிடித்துத் தடுத்தாளாம்.

குடிக்கிறவன்தான், யார் இல்லை என்றது? தீபாவளிக்குக் குடிப்பான், திருவிழாவுக்குக் குடிப்பான். அன்றைக்குக் குடிக்கவில்லை. கையெழுத்தா? தமிழிலும் போடுவான், இங்கிலீஷிலும் போடுவான். தெரிந்த கையெழுத்தைத்தான் போடாமல் வந்தான். சுப்பம்மா தடுத்தாள் என்கிற வாய்க்கு என்ன சொல்வது! போடச் சொன்னவளே அவள்தானே. கோட்டுக்குப் பொத்தான் தைத்து அனுப்பியவளும் அவள்தான்.

நடந்ததைக் கேளுங்கள். பிறகு எதை வேண்டுமானாலும் பேசுங்கள்.

மூக்கையா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லய வீட்டில் பிறந்தவன். தாய் கொழுந்து பறித்தாள், தகப்பன் கவ்வாத்து வெட்டினான். இவனுக்கு மட்டும் கொழுந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஆலையில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டால் போதும், சோற்றை வைத்துவிட்டு அங்கே போய் நிற்பான். அந்தப் பித்து முற்றித்தான் மலையை விட்டு இறங்கிக் கண்டி டவுனில் ஒரு பெரிய கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே அவனுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன் கறுப்பையா. இரண்டு பேரும் ஒன்பது வருஷம் ஒரே எண்ணெயில் ஊறினார்கள். ஒரே சோற்றுப் பொட்டலத்தைப் பிய்த்துத் தின்றார்கள். ஒருநாள் ஓடுகிற விசிறிப் பட்டியில் கறுப்பையாவின் சுட்டுவிரல் நுனி போனது. கை முழுவதும் போகாமல் இழுத்துப் போட்டவன் மூக்கையா. அதற்குப் பிறகு ஒருவனை ஒருவன் டேய் என்று கூப்பிடாத நாள் கிடையாது.

பிறகு மூக்கையா தனியாக வந்தான். கட்டுகஸ்தோட்டை றோட்டில் ஸெய்னுலாப்தீன் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் பலகை: ‘மூக்கையா, மோட்டார் பிட்டர்.’ மஞ்சளில் எழுத்து, சிவப்பில் கரை. எழுதி முடித்த அன்றைக்கு அவன் றோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தான், இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தான். வேலையே நடக்கவில்லை.

மலேரியா வந்து வீடு வீடாகத் துடைத்துக்கொண்டு போனதே, அதற்கு மறுவருஷம். பள்ளத்தில் உருண்டு கிடந்த ஒரு பேபி ஒஸ்டின் காரைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, எட்டு மாதம் தட்டி, நிமிர்த்தி, உள்ளே என்ன செய்தானோ அவனுக்குத்தான் தெரியும், அதை மலை ஏற வைத்தான். எப்படி ஏறியது என்கிறீர்கள்? ஹந்தானை ஏற்றத்தில் துரைமார் கார்கள் எல்லாம் இருமிக்கொண்டு ஏறும்போது இது விசில் அடித்துக்கொண்டு போகும்.

பன்விலைக்கு மேலே கைவிட்ட தோட்டம் ஒன்றில் துரைமார் கிளப் வைத்திருந்தார்கள். அங்கே ஏழு வளைவுள்ள ஒரு றோட்டு, மேலே ஏறிப் போவது. கடிகாரத்தில் நேரம் பார்த்து, ஒவ்வொரு காராக ஏற்றிப் பந்தயம் விடுவார்கள். றோட்டுக்குப் படலை, படலைக்கு வாச்சர். மெம்பராக இல்லாதவன் அங்கே ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பிட்டராகப் பக்கத்தில் குந்தியிருக்கலாம், அவ்வளவுதான். மூக்கையா அப்படி மூன்று வருஷம் குந்தியிருந்தே ஏழு வளைவையும் பாடமாக்கியிருந்தான். மூன்றாவது வளைவில் துரைமார் எல்லோரும் பயந்து முன்கூட்டியே பிரேக் போடுவார்கள். இவன் கால் தரையை அழுத்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். தானே ஒரு தடவை அந்த றோட்டை ஓட்ட வேண்டும்: அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

கொழும்புக் கிளப்போடு போட்டி வந்தது. கண்டித் துரைமாரிடம் நல்ல கார் போதவில்லை. மூக்கையாவின் காரை இரவல் கேட்டார்கள். “கார் வந்தா நானும் வருவேங்க” என்றான். கூடிப் பேசினார்கள். கடைசியில் செக்கிரட்டரித் துரையே கொட்டகைக்கு வந்து, மெம்பராகச் சேர்ந்துகொள் என்றார். ஒரே ஒரு இடைஞ்சல். மோட்டார் வேலையில் கூலி வாங்குகிறவன் மெம்பர் ஆக முடியாது, அது சட்டம். பலகையைக் கழற்றிவிட்டு, கொட்டகையை வேறொருவன் பேரில் போட்டுவிட்டால் சரி.

தெரு முழுவதும் துள்ளியது. நம்மில் ஒருவன் துரைமாரோடு சரிக்குச் சரி! இன்றைக்கு வாய் கிழியப் பேசுகிற காளிமுத்துதான் அன்றைக்கு முதல் ஆளாக வந்து, “என்ன மூக்கையாத் தொரை, நம்மளையெல்லாம் ஞாபகம் இருக்குமா?” என்று இளித்தவன்.

ஸெய்னுலாப்தீன் முதலாளி நல்ல மனிதர். கடையை மூடிவிட்டே வந்தார்.

“இங்க பாருங்க மூக்கையா, ஒரு வருஷத்துக்குப் போர்ட எண்ட பேருல போடுவோம். வேலைய நீங்க செய்ங்க, பேரு மட்டும் எண்டது. எனக்கு ஒண்டும் வாணாம். துரைமாரோட ஒண்டாக் குந்தித் தேத்தண்ணி குடிக்கிற மனிசன்ட கராஜ் எண்டா, கண்டியில ஈக்கிற காரெல்லாம் இங்கதான் வரும்.”

“என் பேர அழிக்கணுமே, மொதலாளி.”

“யாரு அழிக்கச் சொன்ன? கழட்டி எண்ட அரிசி மூட்டைக்குப் பின்னால வைங்க. எலி வாசிக்கட்டும்.”

சுப்பம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். “போடுங்களேன் கையெழுத்த! தூக்கத்துலகூட என் காலப் போட்டு மிதிக்கிறீங்க, பிரேக்குன்னு நெனச்சுக்கிட்டு. அந்த ரோட்ட ஒரு தடவ ஓட்டிட்டு வந்தாத்தான் என் காலு பொழைக்கும்.”

“பொய் இல்லையா, புள்ள?”

“ஊரே சொல்லாத பொய்யா? நீங்க மட்டும் அரிச்சந்திரன் வீட்டுப் பேரனா?”

எல்லோரும் சொன்னார்கள், அவனும் சரி என்றான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆசை அவனுக்கும்தானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, வத்தேகமை வழியாகப் பன்விலைக்கு ஏறினான்.

கிளப் என்பது பழைய பங்களாதான். இதுவரை பின்பக்கத்து விறாந்தையோடு நின்றவன், அன்றைக்கு முன்வாசலால் போனான். பிரம்புக் கதிரை போட்டார்கள். தேத்தண்ணி வந்தது. இரண்டு மூன்று துரைமார் கை கொடுத்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். செக்கிரட்டரித் துரை கடுதாசியை விரித்து, தோட்டத்தில் பழகிய தமிழில் அர்த்தம் சொன்னார்.

“இங்க என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘நான் மோட்டார் ஓட்டியும், மோட்டார் திருத்தியும் ஒருநாளும் கூலி வாங்கினது இல்லை.’ சும்மா எழுத்து, மூக்கையா. நீ கையெழுத்து வை, மத்தியானம் ரோட்டுல ஓடு. வாச்சருக்குச் சொல்லியாச்சு.”

பலகையை மட்டும் கழற்றினால் போதும் என்றுதான் மூக்கையா நினைத்திருந்தான். இந்த வரி அவனுக்குப் புதிது. ஆனாலும் பேனாவை எடுத்தான். ஒரு வரிதானே, கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிக்கிற மாதிரி. அப்படித்தான் நினைத்தான்.

“சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்” என்றார் துரை. “பத்து வருஷம் உன்னைத் தெரிஞ்ச ஆள். பெருவிரல் வச்சாலும் சரி.”

பின்விறாந்தையில் கறுப்பையா நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இப்போதும் அதே கராஜில்தான் வேலை. ஒரு துரையின் காரோடு பிட்டராக வந்திருந்தான். மூக்கையாதான் அவனைக் கை காட்டினான். கூப்பிடச் சொன்னதும் மூக்கையாவேதான். அதைத்தான் இன்றுவரை அவனால் மறக்க முடியவில்லை.

கறுப்பையா வெறுங்காலோடு வந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதிரைக்குப் பின்னால் நின்றான். விஷயத்தைத் துரை சொன்னார். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சிநேகிதனுக்கு நல்லது நடக்கப் போகிறதே!

“கறுப்பையா, இந்த ஆளு கூலிக்கு மோட்டார் வேலை செஞ்சதா?”

“ஐயையோ, இல்லைங்க தொரை! இவரு பெரிய எடத்து ஆளுங்க. இவரு கையில ஸ்பேனர நான் கண்ணால கண்டதே இல்லைங்க.”

மூக்கையா திரும்பிப் பார்த்தான். “டேய்.”

“சும்மா இருங்க, ஐயா” என்றான் கறுப்பையா, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல்.

“ஐயாவா? யாருக்குடா நான் ஐயா?”

“காரியம் கெட்டுப் போகும், சும்மா இருங்க தொரை!”

மூக்கையாவையே தொரை என்றான். சோற்றுப் பொட்டலத்தைப் பிய்த்துத் தின்றவன், பெற்ற தாய் செத்த அன்றைக்குத் தோள் கொடுத்தவன், மூக்கையாவைத் தொரை என்றான். செக்கிரட்டரித் துரை மைத் தட்டைத் திறந்து நீட்டினார். கறுப்பையா பெருவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தான். அந்த விரலுக்குப் பக்கத்தில் நுனி இல்லாத மற்ற விரல்.

மூக்கையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அழியப் போவது தன்னுடைய ஒன்பது வருஷம் மட்டும் அல்ல. கறுப்பையா அந்தக் கராஜில் யாரோடு வேலை பார்த்தான்? விரல் போனபோது இவனை இழுத்தது யார்? கடுதாசிப்படி ஒருவரும் இல்லை. அதற்கு இவனையே பெருவிரல் வைக்கச் சொல்கிறார்கள், இவனும் சந்தோஷமாக வைக்கப் போகிறான்.

மைத் தட்டின்மேல் மூக்கையா கையை வைத்து மூடினான்.

“தொரை, நான் கூலி வாங்கினேங்க.”

துரை சிரித்தார். “தெரியும், மூக்கையா. எல்லாருக்கும் தெரியும். இது சும்மா எழுத்து.”

“எல்லாருக்கும் தெரியும்னா அதையே எழுதுங்க. மோட்டார் பிட்டர் மூக்கையா, கூலி வாங்குறான்னு எழுதுங்க. இந்தா, இப்பவே கையெழுத்து வைக்கிறேன். வெளிய நிக்குதே ஒங்க காரு, அதுக்கும் போன மாசம் கூலி வாங்கினேன். இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்!”

“அப்படி எழுத முடியாது. சட்டம் அது.”

“அப்ப கையெழுத்தும் முடியாதுங்க.”

வேறொரு துரை பத்திரிகையை மடித்து வைத்தார். செக்கிரட்டரித் துரைக்குக் கோபத்தை விட யோசனைதான் அதிகம். போட்டிக்கு இன்னும் எட்டு நாள்தான் கிடந்தது. குரலைத் தணித்தார். “சரி, கார மட்டும் குடு. நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல குந்து, முன்ன மாதிரி.”

“அதுல ஒரு சீட்டுத்தாங்க இருக்கு. பாரம் கொறையட்டும்னு மத்ததக் கழட்டிட்டேன்” என்றான் மூக்கையா. “இருக்கிற சீட்டு என்னுது.”

பிறகு என்ன செய்தான் தெரியுமா? தேத்தண்ணி பாதி கிடந்தது. அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். கோப்பையைத் தட்டில் வைத்தான், சத்தம் வராமல். கொட்டினான் என்கிறார்களே, ஒரு சொட்டுக் கொட்டவில்லை. கறுப்பையா பக்கத்தில் நின்றவன், அவனைக் கேளுங்கள். கழுத்தைப் பிடிக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. துரைமார் எழும்பக்கூட இல்லை.

“வாடா, கறுப்பையா. இந்தப் பக்கமாப் போவோம்” என்று முன்வாசலைக் காட்டினான்.

கறுப்பையா அசையவில்லை. “எனக்கு வேலை இருக்குடா” என்றான் மெதுவாக. “புள்ளைங்க இருக்கு.” பின்விறாந்தைப் பக்கம் பார்த்தான். பிறகு, “கிறுக்கா! ஒரு தடவ ஓட்டிட்டாவது சண்ட போட்டிருக்கலாமேடா” என்றான். டேய் என்று வந்துவிட்டது, அதுவே மூக்கையாவுக்குப் போதும்.

மூக்கையா தனியாக முன்வாசலால் வெளியே வந்தான்.

வாசலுக்கு எதிரேதான் அந்த றோட்டு. புதிய மெம்பர் ஓட்டிப் பார்க்க வருவார் என்று முன்னமே சொல்லி வைத்ததால் வாச்சர் படலையை அகலத் திறந்து வைத்திருந்தார். உள்ளே நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? மூக்கையா காரைக் கிளப்பியதும் ஓடி வந்தார்.

“ஏறுங்க, ஏறுங்க. மேல வரைக்கும் ஒரு மாடுகூட இல்ல. நான் பாத்துட்டேன்.”

முதல் வளைவு அங்கிருந்தே தெரியும். காலைப் பனியெல்லாம் காய்ந்து, மண் இறுகி, கார் ஏறுவதற்கென்றே கிடந்தது. தடுக்க ஒருவரும் இல்லை. உள்ளே இருந்து ஒருவன் ஓடி வருவதற்குள் இவன் மூன்றாவது வளைவில் இருப்பான். மூக்கையா எஞ்சினை ஓட விட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு நேரம் இருந்தான் என்று வாச்சரே பிறகு சொன்னார், கார் கோளாறாக்கும் என்று நினைத்தாராம்.

“படலைய மூடுங்க, அண்ணே” என்றான் கடைசியில். “நான் மெம்பர் இல்ல.”

காரை டவுன் பக்கம் திருப்பினான்.