பொத்தான் இல்லாத பியானோ

தாராவியில் எங்கள் சபைப் பெண்களுக்கு உச்ச ஸ்தாயி எட்டாது. நானும் அவர்களில் ஒருத்தி. அதனால் கீபோர்டு வாசிக்கும் என் கொழுந்தன், சுவிட்சைப் போட்டவுடன் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, எல்லா ஒலியையும் கீழே இறக்கிவிடுவார். பிறகுதான் கட்டைகளில் கை வைப்பார்.

பை தைக்கும் பட்டறைக்கு மேலே ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அங்கே கீபோர்டுக்கு இடமில்லை. என் மகளுக்குத் தெரிந்த ஒரே கருவி சபையில் இருந்ததுதான். ஆராதனை முடிந்ததும் அதன்முன் ஏறி உட்கார்ந்து, சித்தப்பா செய்வதைப் போலவே பொத்தானை இரண்டு முறை தட்டிவிட்டு, அன்று கேட்ட கீர்த்தனையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாசித்துவிடுவாள். கட்டைகளின் சி, டி, இ என்ற பெயர்களை மட்டும் சித்தப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

பாடத்தோடு இசையையும் முழுநேரமாகக் கற்பிக்கும் பள்ளி ஒன்று நகரத்தில் இருப்பதைச் செம்பூரில் என் அலுவலகத்தில்தான் கேள்விப்பட்டேன். தேர்வாகும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஒன்பது வயது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு அந்த ஆண்டை விட்டால் வேறு வாய்ப்பில்லை. "எடுக்கலைன்னா புள்ள மனசு ஒடைஞ்சிரும், பாத்துக்கோ" என்று மட்டும் என் கணவர் சொன்னார்.

தேர்வறையில் ஓர் ஆசிரியரும், நரைத்த தலையோடு ஓர் ஆசிரியையும் இருந்தார்கள். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். மகள் பியானோவின் முன் அமர்ந்தாள். வாசிக்கவில்லை. இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"க்யா டூண்ட் ரஹீ ஹோ, பேட்டா?" என்ன தேடுகிறாய் என்று ஆசிரியை கேட்டார்.

"பட்டன்."

பியானோவில் அப்படி ஒரு பொத்தான் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆசிரியர் சிரித்துவிட்டார். அவள் ஒரு கட்டையை அழுத்தினாள், சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். இது வேறு சத்தம் போடுகிறது என்றாள்.

ஆசிரியை அவளைச் சுவர்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பெயர் கேட்டார். சி-யை டி என்றாள். எஃப்-ஐ ஜி என்றாள். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஆசிரியர் பேனாவை மூடினார். நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆசிரியை நிறுத்தவில்லை. மேலும் கீழுமாகத் தாவித் தாவி அழுத்திக்கொண்டே போனார்.

பிறகு ஆசிரியரைப் பார்த்து இந்தியில் சொன்னார்: "எல்லாமே தப்பு. ஆனா எல்லாமே ஒரே அளவுக்குத் தப்பு."

எந்தக் கருவியில் பழகினாள் என்று என்னிடம் கேட்டார். எங்கள் தொண்டைகளின் கதையைக் கூச்சத்தோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒலியைக் கேட்டதும் அதன் இடம் தெரிந்துவிடுகிற காது மிகச் சில பிள்ளைகளுக்கே அமையும், இவள் காதில் பிழையில்லை, அந்தப் பொத்தானால் பெயர்கள்தான் ஓர் இடம் தள்ளி நிற்கின்றன என்று விளக்கினார். சர்ச்சில் கேட்பது போலவே இங்கும் கேட்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று நீயே தேடு, அவசரமில்லை என்று அவளிடம் சொன்னார்.

அவள் விரல்களைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். கறுப்புக் கட்டைகளில் தடுக்கினாள், நின்றாள், மறுபடி தொடங்கினாள். மூன்றாவது அடியில் கீர்த்தனை தடையில்லாமல் ஓடியது. ஆசிரியர் பேனாவைத் திறந்தார்.

இடம் கிடைத்த செய்தி மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் வந்தது. ரயிலை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

நடந்ததைக் கேட்டுக் கொழுந்தனின் முகம் வாடியது. "புள்ளைக்கித் தப்பால்லா பழக்கி விட்டுட்டேன், மைனி."

பொத்தான் இல்லாமல் பழகியிருந்தால் பெயர் கேட்டுப் பார்க்கவே தோன்றியிருக்காது, அவளும் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளில் ஒருத்தியாகவே போயிருப்பாள், அந்தக் காது அன்று யாருக்கும் தெரிந்திருக்காது என்று ஆசிரியை சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். பாடகர் குழுவின் மூத்த அக்கா பக்கத்தில்தான் நின்றார். "அப்போ எங்க தொண்டைதான் ஒன் மவளுக்கு சீட்டு வாங்கிக் குடுத்திருக்கு. சும்மா விட்ருவோமா? பிரியாணி போடுட்டி" என்றார். சந்தோஷமாகப் போட்டேன்.

இப்போது அதே ஆசிரியையிடம்தான் படிக்கிறாள். பெயர்கள் இன்னும் முழுதாக இடம் மாறவில்லை. ரயில் ஹாரன் ஒலித்தால் ஒரு பெயரைச் சொல்லி, யோசித்து, அதற்கு முந்தையதைச் சொல்கிறாள். எவ்வளவு நாளாகும் என்று ஆசிரியையிடம் கேட்டேன். ஆகிற நாள் ஆகட்டும், எங்கே போகப்போகிறாள் என்றார்.